சென்னையில் எதற்கு யாரிடம் போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் வருஷம் முழுக்க ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆட்கள்தான் வேறு. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாது.

அட்ரஸ்ல சென்னைன்னுதான் போட்டிருக்கு. அப்ப நாங்க சென்னை கார்ப்பரேஷன்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தபால் முகவரி வேறு, மாநகராட்சி எல்லை வேறு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. ஆனால் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போன்ற பழைய நகராட்சிகள் 2011 விரிவாக்கத்தில் சென்னையோடு சேர்ந்துவிட்டன. அப்போதுதான் 200 வார்டு என்ற கணக்கு வந்தது.

சந்தேகமிருந்தால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்த மாநகராட்சி என்று தலைப்பிலேயே இருக்கும். சென்னை ரசீதின் வரி எண்ணில் முதலில் மண்டலம், அடுத்து வார்டு, அதற்கடுத்து பில் எண் என்று வரிசையாக வரும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பாதி வேலைகளுக்கு அந்த மண்டல, வார்டு எண் வேண்டும்.

எதுக்கு எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்? ஒரே நம்பர் கிடையாதா?

ஒரே எண் கிடையாது. குப்பை, தெரு விளக்கு, உள் தெரு சாலை, மழைநீர் வடிகால், கொசு, நாய் எல்லாம் மாநகராட்சி: 1913. ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913-தான், அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளலாம். குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர்: 1916 அல்லது 044-4567 4567. மின்சாரத்துக்கு மின்னகம்: 94987 94987. ரேஷனுக்கு 1967. பொருள், சேவை சம்பந்தப்பட்ட நுகர்வோர் புகாருக்குத் தேசிய உதவி எண் 1915.

மாநகராட்சிக்கு 'நம்ம சென்னை' செயலியும் உண்டு. படத்தோடு இடத்தையும் குறித்து அனுப்ப முடிகிற புகார் என்றால் செயலிதான் மேல். போனில் தெருப் பெயரைத் தப்பாகக் கேட்டுக்கொண்டால் புகார் வேறு வார்டுக்குப் போய்விடும். ஒரே பெயரில் நாலு பிள்ளையார் கோயில் தெரு இருக்கிற ஊர் இது.

எந்த வழியில் புகார் செய்தாலும் புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். தெருவில் போகும் ஊழியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதை அலுவலகத்தில் யாரும் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த கட்டத்துக்குப் போகும்போது முதலில் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.

சாக்கடை பொங்கி வாசல் வரைக்கும் வந்துடுச்சு. கார்ப்பரேஷன்ல கேட்டா மெட்ரோ வாட்டர்ங்கறாங்க, மெட்ரோ வாட்டர்ல கேட்டா கார்ப்பரேஷன்ங்கறாங்க. யாருதான் பொறுப்பு?

எங்கள் குழுவில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. சென்னையில் தரைக்கடியில் இரண்டு தனித்தனி அமைப்புகள் ஓடுகின்றன. வீட்டுக் கழிவறை, சமையலறைத் தண்ணீர் போவது பாதாளச் சாக்கடை. அது மெட்ரோ வாட்டருடையது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மெட்ரோ வாட்டர் வாரியம் அமைந்ததிலிருந்து குடிநீரும் கழிவுநீரும் அவர்கள் பொறுப்பில் உள்ளன. மழைத் தண்ணீர் போவது மழைநீர் வடிகால். அது மாநகராட்சியுடையது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் என்று போனால் மாநில அரசின் நீர்வளத் துறை.

வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் தெரு நடுவில் வட்ட மூடி போட்டிருந்தால் பாதாளச் சாக்கடை. சாலை ஓரமாக, நடைபாதையை ஒட்டி நீளமாகக் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தால் மழைநீர் வடிகால். வட்ட மூடி வழியாகப் பொங்கினால் 1916. ஓரத்து வடிகால் அடைத்திருந்தால் 1913.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பல கட்டடங்கள் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டிருக்கின்றன. வடிகால் மாநகராட்சியுடையது, உள்ளே ஓடுவது மெட்ரோ வாட்டர் கவனிக்க வேண்டிய தண்ணீர். இந்த நிலையில்தான் இரண்டு பக்கமும் கை காட்டுவார்கள். அப்போது இரண்டு இடத்திலும் புகார் பதிந்து, ஒன்றின் எண்ணை இன்னொன்றில் குறிப்பிடுங்கள். "வடிகாலில் கழிவுநீர் கலக்கிறது" என்று அதே வார்த்தையில் எழுதுங்கள். "சாக்கடை நாறுகிறது" என்று எழுதினால் மருந்துத் தூள் தூவிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவசரத்துக்குத் தெரிஞ்ச ஆளை விட்டு மேன்ஹோலைத் திறந்து அடைப்பை எடுத்துக்கலாமா? ஐநூறு ரூபா கொடுத்தா செஞ்சிடறாங்க.

கூடாது. உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி குற்றம். விஷவாயுவில் ஆள் செத்தால் கூப்பிட்டவர் மேலும் வழக்கு வரும். சங்கச் செயலாளராக இருந்தாலும் சரி, வீட்டு ஓனராக இருந்தாலும் சரி. செப்டிக் டேங்குக்கும் இதே விதிதான். உறிஞ்சு லாரிதான் வர வேண்டும், மனிதர் இறங்கக் கூடாது.

தெரு விளக்கு எரியல. ஈபி ஆபீஸ்ல சொன்னா போதுமா?

தெரு விளக்கு மாநகராட்சியுடையது, 1913. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். வயர் அறுந்து தொங்குவது, தெருவோர மின்பெட்டி திறந்து கிடப்பது, கம்பத்தைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஆகியவை மின்வாரியம். மழை நாளில் பெட்டி திறந்து கிடந்தால் மின்னகத்தில் சொல்லிவிட்டு, யாரும் பக்கத்தில் போகாமல் தடுப்பு வையுங்கள்.

ரோடு தோண்டிப் போட்டு மூணு மாசமாச்சு. யாரைக் கேக்கறது?

முதலில் தோண்டியது யார் என்று பாருங்கள். மெட்ரோ வாட்டர், மின்வாரியம், கேபிள் நிறுவனம், மெட்ரோ ரயில் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். வெளி நிறுவனங்கள் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, பணம் கட்டித்தான் சாலையை வெட்ட வேண்டும். எனவே உள் தெரு என்றால் 1913-ல், "சாலை வெட்டு சீரமைக்கப்படவில்லை" என்று பதியுங்கள். அனுமதி இருக்கிறதா இல்லையா என்பது அவர்களிடம் தெரியும்.

பெரிய சாலைகள் எல்லாமே மாநகராட்சியுடையவை அல்ல. ஜிஎஸ்டி சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை போன்றவற்றில் நெடுஞ்சாலைத் துறை சார்ந்த அமைப்புகள் வந்துவிடும். தவறான இடத்தில் புகார் பதிந்தால், "எங்கள் வரம்பில் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த துறையிடம் போகும்போது, "உங்களுடையது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்" என்று காட்டலாம்.

வேலையே நடக்கல. ஆனா "தீர்வு காணப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்துடுச்சு. இப்ப என்ன பண்றது?

இது எரிச்சலான விஷயம், அடிக்கடி நடப்பதும்தான். கோபத்தில் புதுப் புகார் போட்டால் அது கணக்கில் முதல் புகாராகத்தான் ஏறும், பழைய தாமதம் மறைந்துவிடும். அன்றைய தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு, "வேலை நடக்கவில்லை, மீண்டும் திறக்கவும்" என்று கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் வார்டு உதவிப் பொறியாளர், அப்புறம் மண்டல அலுவலகம் என்று எழுத்தில் போங்கள். கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். கவுன்சிலரால் ஒவ்வொரு குழியையும் மூட முடியாது, ஆனால் மண்டலக் கூட்டத்தில் எழுப்ப முடியும். அதற்கு மேல் முதல்வரின் முகவரித் துறையின் உதவி எண் 1100. அங்கே பதிந்த மனு திரும்ப அதே அலுவலகத்துக்குத்தான் வரும் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் இந்த முறை மேலிடத்துக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயத்தோடு வரும். மெட்ரோ வாட்டர் விஷயம் என்றால் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை திறந்தவெளிக் கூட்டம் என்ற பெயரில் குறைதீர்க் கூட்டம் நடத்துகிறார்கள், நேரிலேயே போகலாம்.

நாயைப் பிடிச்சுட்டுப் போறாங்க, ஒரு வாரத்துல அதே தெருவுலயே கொண்டு வந்து விடறாங்க. இது என்ன கூத்து?

மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு அறுவை முடிந்தது என்று பொருள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் திரும்ப விட வேண்டாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. எனவே கடிக்கிற நாய் என்றால் புகாரில் கடித்த தேதியையும் மருத்துவச் சீட்டையும் சேருங்கள். "நாய்த் தொல்லை" என்று மட்டும் எழுதினால் வழக்கமான கருத்தடைப் பட்டியலில் போய்விடும்.

கடித்துவிட்டால் புகாரெல்லாம் அப்புறம். முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

சொத்து வரி எப்ப கட்டினா லாபம்?

வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. இணையத்தில் கட்டலாம். ரசீதை இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கி பத்திரப் பதிவு முடிஞ்சாச்சு. வரி ரசீதுல பேரு தானா மாறிடுமா?

மாறும் என்று நம்பி உட்கார்ந்தால் பத்து வருஷம் கழித்தும் பழைய ஓனர் பெயரிலேயே வரும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, மாறிவிட்டதா என்று ரசீதில் பாருங்கள். பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது வேண்டும். வாரிசாக வந்த சொத்து என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். பட்டா மாற்றம் வருவாய்த் துறையில், அதற்கும் மாநகராட்சிக்கும் சம்பந்தமில்லை.

இங்கே இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. வரி ரசீது என் பெயரில் இருப்பதால் சொத்து என்னுடையது என்று வாதாட முடியாது. வரி யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். உரிமையைக் காட்டுவது பத்திரம்தான்.

கார்ப்பரேஷனுக்கு வரி கட்டியாச்சே, மெட்ரோ வாட்டர் ஏன் தனியா கேக்கறான்?

இரண்டும் வேறு நிறுவனங்கள் என்று சாக்கடைக் கேள்வியிலேயே பார்த்தோம். மெட்ரோ வாட்டரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வரி: சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை. இன்னொன்று குடிநீர், கழிவுநீர்க் கட்டணம். எங்கள் அடுக்ககத்தில் சிலர் ஒன்றைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வீடு விற்கும்போது நிலுவை வந்து நிற்கும்.

குழந்தை மதுரையில என் அம்மா வீட்டுக்குப் போனப்ப பிறந்தது. நாங்க இருக்கறது சென்னை. பர்த் சர்டிபிகேட் எங்க வாங்கணும்?

மதுரையில்தான். எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு, பெற்றோர் வசிக்கும் ஊர் கணக்கில் வராது. இறப்புக்கும் இதே விதி. 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், ஆனால் அனுப்பிவிட்டார்களா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டுவிடுங்கள். ஓராண்டு தாண்டிவிட்டால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவோடுதான் பதிய முடியும். அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். சென்னையில் பதிவானது என்றால் மாநகராட்சி இணையதளத்திலேயே சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதற்குப் போய் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னும் பேரு வைக்கல. பேரில்லாம பதிஞ்சா அப்புறம் சேர்க்க முடியுமா?

முடியும். ஓராண்டுக்குள் கட்டணமில்லை, அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை நியூமராலஜிக்காரர் சொன்னார் என்று மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துப் பிழை என்றால்தான் திருத்தம். எனவே இனிஷியல், எழுத்துக்கூட்டல், அப்பா அம்மா பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். முன்பு மாதிரி டி.சி.யைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

வாரிசுச் சான்றும் கார்ப்பரேஷன்லயே கொடுப்பாங்களா?

இல்லை. அது தாசில்தார். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். மாநகராட்சி தருவது இறப்புச் சான்று மட்டும்.

ரேஷன் கார்டுல பேரு சேக்கணும், கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போனேன், விரட்டிட்டாங்க.

ரேஷன் உணவுப் பொருள் வழங்கல் துறை. சென்னையில் அதற்கென்று மண்டல உதவி ஆணையர் அலுவலகங்கள் தனியாக இருக்கின்றன. மாநகராட்சி மண்டலமும் அந்த மண்டலமும் ஒன்றல்ல. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். சிக்கிக்கொண்டால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அந்த அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போங்கள்.

ஈபி பில் போன தடவையைவிட திடீர்னு எகிறிடுச்சு. மீட்டர் கோளாறா?

முதலில் யூனிட்டைப் பாருங்கள், ரூபாயை அல்ல. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினீர்களா? 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த கட்டணம். ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். 2024 ஜூலைக் கட்டணப்படி அந்த 100 யூனிட் 2.35 ரூபாயிலிருந்து 4.70 ஆகிறது, அதாவது இதில் மட்டும் 235 ரூபாய் கூடுதல். 501-வது யூனிட்டிலிருந்து 8.40. கோடையில் ஏசி ஓடிய வீட்டில் பெரும்பாலும் கதை இதுதான். கணக்கெடுக்க வருபவர் சில நாள் தாமதமாக வந்தாலும் விளிம்பில் இருப்பவர்கள் தாண்டிவிடுவார்கள். எனவே கணக்கெடுக்கும் தேதி நெருங்கும்போது மீட்டரை நீங்களே படம் எடுத்து வைப்பது நல்லது.

யூனிட்டே நம்ப முடியாத அளவில் இருந்தால், பிரிவு அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள். தீரவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லை என்றால் மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை. இந்த மன்றம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

"பில் கட்டல, இன்னிக்கு ராத்திரி 9.30-க்கு கரண்ட் கட்"னு மெசேஜ் வந்துது, ஒரு நம்பரும் இருக்கு. கூப்பிடலாமா?

கூப்பிடாதீர்கள், மோசடி. மின்வாரியம் தனியார் செல்பேசி எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்லாது, செயலி நிறுவச் சொல்லாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு. வங்கிக்கு எழுதுவது, போலீஸ் ஸ்டேஷன் போவது எல்லாம் அதற்கு அப்புறம்.

கடையில எம்ஆர்பிக்கு மேல வாங்கறாங்க. கேட்டா "கூலிங் சார்ஜ்"ங்கறாங்க.

சட்டத்தில் கூலிங் சார்ஜ் என்று ஒன்று கிடையாது. எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. புகார் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குப் போக வேண்டும். 1915-லும் பதியலாம். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தால் யுபிஐ-யில் கட்டி, பாட்டிலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுவதும் இதே பிரிவில்தான் வரும். பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் விலை போட வேண்டும். கிலோ 800 ரூபாய் இனிப்போடு அட்டையையும் அதே விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்ப ஹோட்டல்ல 20 ரூபா தண்ணி பாட்டிலை 60 ரூபாய்க்கு கொடுத்தாங்களே, அதுவும் புகார் பண்ணலாமா?

இங்கே முந்தைய பதில் பொருந்தாது. உட்காரவைத்துப் பரிமாறும் ஹோட்டல் வெறும் பாட்டிலை விற்கவில்லை, சேவையும் சேர்ந்திருக்கிறது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ஹோட்டலில் எம்ஆர்பி வாதம் எடுபடாது. மெனுவில் விலையைப் பார்த்துவிட்டு, சாதாரணத் தண்ணீர் கேளுங்கள்.

ஆனால் பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று 10 சதவீதம் தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதைத் தடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. உணவே கெட்டுப்போயிருந்தது என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் 94440 42322.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா வக்கீல் பீஸே பொருள் விலையைத் தாண்டிடுமே?

வக்கீல் கட்டாயமில்லை. நீங்களே வாதாடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இணையத்திலேயே பதியலாம். கவனிக்க வேண்டியது காலக்கெடு: பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு. "பார்க்கலாம் சார், செய்கிறோம்" என்று கம்பெனி இழுத்தடிப்பதில் அது கரைந்துபோகும்.

அதற்கு முன் ஒரு எழுத்து நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பாதி விவகாரம் அங்கேயே முடியும். வழக்கு 3 மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி காலண்டரில் வட்டம் போடாதீர்கள்.

ஆன்லைன்ல வாங்கினது. கம்பெனி குருகிராம்ல இருக்கு. அங்க போய் கேஸ் போடணுமா?

வேண்டாம். 2019 சட்டத்தில் வந்த நல்ல மாற்றம் இதுதான்: நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். அதற்கு முன் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அப்புறம் 1915. அதற்கும் அப்புறம் ஆணையம்.

ரோடு போடல, குப்பை எடுக்கல. வரி கட்டறேன் இல்ல, கார்ப்பரேஷன் மேலயே கன்ஸ்யூமர் கேஸ் போட்டா என்ன?

ஆசை நியாயம்தான், ஆனால் பெரும்பாலும் நிற்காது. வரி என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்குக் கொடுத்த விலை அல்ல. அரசு அமைப்பு கட்டணம் வாங்கிக்கொண்டு வீடு, மின்சாரம் போன்ற சேவை தந்தால் அது வேறு, அங்கே வழக்குப் போடலாம். அதிலும் மின் திருட்டு, முறைகேடான பயன்பாடு என்று மின்வாரியம் போட்ட மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாலைக்கும் குப்பைக்கும் வழி, மேலே சொன்ன புகார் எண், மண்டலம், 1100, அப்புறம் அடுத்த கேள்வியில் வரும் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு.

ஆர்டிஐ போட்டேன், "தகவல் இல்லை"ன்னு ஒரு வரியில பதில் அனுப்பிட்டாங்க.

"ஏன் எங்கள் தெருவுக்குச் சாலை போடவில்லை?" என்று கேட்டிருப்பீர்கள். "ஏன்" என்ற கேள்விக்குக் காரணம் யோசித்து எழுத அவர்களுக்குக் கடமை இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் கடமை. ஆவணமாகக் கேளுங்கள்: இந்தத் தெருவுக்குக் கடைசியாகச் சாலை போட்ட பணி ஆணையின் நகல், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பராமரிக்க வேண்டிய காலம் முடியும் தேதி, என் புகார் எண்ணின் மேல் எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு. இப்படிக் கேட்டாலே சில சமயம் பதில் வரும் முன் ஜல்லி வந்து இறங்கும்.

கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

வாடகை பாக்கின்னு ஓனர் தண்ணி மோட்டாரை நிறுத்திட்டார். மெட்ரோ வாட்டர்ல சொல்லலாமா?

மெட்ரோ வாட்டர் தெருக் குழாய் வரைதான். இது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் வாடகை அதிகாரியின் விஷயம். பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவையை ஓனர் நிறுத்தக் கூடாது. பாக்கியை வசூலிக்க அவருக்குத் தனி வழி உண்டு. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிந்திருந்தால் உங்கள் மனு வலுவாக இருக்கும். அட்வான்ஸும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. சென்னையில் "வேறு மாதிரி"தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

பெயர் மாற்றத்துக்கு "கொஞ்சம் கவனிச்சா" இன்னிக்கே முடிச்சுத் தரேங்கறாங்க. கொடுத்துட்டுப் போறதுதானே நல்லது?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தவருக்குத்தான் பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064-ஐ அழைப்பது நல்லது. ரசாயனம் தடவிய நோட்டு கொடுத்துப் பிடிப்பது அவர்கள் வழக்கம்.

அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் ஒன்று செய்யலாம். விண்ணப்பத்தை இணையத்தில் போடுங்கள், நேரில் கொடுத்தால் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "ஃபைல் காணோம்" என்று சொன்னால் அந்த ஒப்புகையை இணைத்து, மேலே சொன்ன மாதிரி ஆவணமாகக் கேட்டு ஓர் ஆர்டிஐ போடுங்கள்.